ஓடும்போதே ஆஃப் ஆகும் பழைய கார்: முதல் செலவை எங்கே செய்வது?

ஒரேயடியாகப் படுத்துவிட்ட காரைச் சரிசெய்வது சுலபம். பழுது அங்கேயே இருக்கும்; மெக்கானிக் வந்து கை வைத்தால் அகப்பட்டுவிடும். ஓடும்போதே திடீரென்று ஆஃப் ஆகி, ஓரங்கட்டிப் பத்து நிமிடம் நின்றால் ஒன்றுமே நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆகும் கார்தான் ஆளைப் படுத்தி எடுக்கும். ஒர்க் ஷாப் வாசலில் அரை மணி நேரம் ஐடிலிங்கில் விட்டாலும் அசையாது. வீட்டுக்குத் திரும்பும் வழியில் சிக்னலில் நின்றுவிடும்.

இந்த நிலையில் கார்க்காரர் முன் சில வழிகள் இருக்கின்றன. சந்தேகப்படும் பார்ட்ஸை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்கலாம். ஸ்கேனர் (வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவான பழுதைப் படிக்கும் கருவி) போடலாம். கம்பெனி சர்வீஸில் விடலாம். தெரிந்த மெக்கானிக்கிடமோ எலக்ட்ரீஷியனிடமோ சில நாள் வண்டியை ஒப்படைக்கலாம். நாமே பழுதைக் கையும் களவுமாகப் பிடிக்கப் பார்க்கலாம். எதை முதலில் செய்கிறோம் என்பதைப் பொறுத்து, இரண்டாயிரத்தில் முடியவேண்டிய வேலை இருபதாயிரத்தைத் தொடுவதும் உண்டு.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வண்டி ஆஃப் ஆகும் அந்த நொடியில் போனது கரண்டா, பெட்ரோலா என்று தெரியும்வரை எந்தப் பெரிய பார்ட்ஸுக்கும் பணம் கொடுக்கக் கூடாது. இதைத் தெரிந்துகொள்ள மற்ற எல்லா வழிகளையும்விடக் குறைவாகவே செலவாகும். அதன் பிறகு யாரிடம் போவது என்பதும் தானாகவே தெளிவாகிவிடும்.

நான் பேசுவது 1990களிலிருந்து 2012 வாக்கு வரை வந்த பெட்ரோல் கார்களைப் பற்றி. டீசல் வண்டியில் ஸ்பார்க் என்பதே கிடையாது. அங்கே பெரும்பாலும் டீசல் லைனில் காற்று புகுவது, ஃபில்டரில் தண்ணீர் தேங்குவது, டீசல் பம்பை நிறுத்தும் சோலனாய்டுக்கு (கரண்டில் இயங்கும் வால்வு) கரண்ட் விட்டு விட்டு வருவது இவைதான். டீசல் பம்ப் ரிப்பேர் செய்யும் நல்ல கடைக்காரரிடம் போனால் போதும்.

“மாத்திப் பார்ப்போம் சார்”

நம் ஊரில் அதிகம் நடப்பது இதுதான். முதலில் பிளக், அப்புறம் ஃபில்டர், அப்புறம் காயில் (பிளக்குக்கு ஸ்பார்க் கரண்ட் தருவது), அப்புறம் பெட்ரோல் பம்ப். ஒவ்வொன்றும் நியாயமான சந்தேகம்தான். ஆனால் விட்டு விட்டு வரும் பழுதுக்கு இந்த முறை பொருந்தாததற்கு ஒரு காரணம் இருக்கிறது. பத்து நாளைக்கு ஒருமுறை நிற்கும் வண்டியில் இன்று எதை மாற்றினாலும் ஒரு வாரம் நன்றாகத்தான் ஓடும். மாற்றியதால் ஓடுகிறதா, தானாக ஓடுகிறதா என்று யாராலும் சொல்ல முடியாது. அதற்குள் பில் கட்டியாகிவிடும், பழைய பார்ட்ஸும் காயலான் கடைக்குப் போயிருக்கும்.

டூப்ளிகேட் பார்ட்ஸ் வேறு. பழைய மாடல்களுக்கு ஒரிஜினல் கிடைப்பது குறைந்துகொண்டே வருகிறது. நன்றாக இருந்த ஒரிஜினல் சென்சாரைக் கழற்றிவிட்டு மலிவான ஒன்றைப் போட்டால், பழைய பழுது இருக்க, புதுப் பழுதும் சேரும். சென்னையில் புதுப்பேட்டைக்குப் போனால் எந்த வண்டியின் பார்ட்ஸும் கிடைக்கும். கதவு, கண்ணாடி, பம்பர் வாங்க அதைவிட நல்ல இடம் இல்லை. ஆனால் கிராங்க் சென்சார் (இன்ஜின் சுற்றுவதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்வது), ரிலே (கரண்டில் இயங்கும் சுவிட்ச்), பெட்ரோல் பம்ப் இவற்றை அங்கே செகண்ட் ஹேண்டில் வாங்காதீர்கள். உங்கள் வண்டியில் இருப்பதற்கு என்ன வயதோ அதே வயதுதான் அதற்கும்.

இந்த வழி சரியாக வரும் இடமும் ஒன்று இருக்கிறது. வேகமாகப் போகும்போது ஒரு குறையும் இல்லை, சிக்னலில் காலை எடுத்தால் மட்டும் நிற்கிறது, ஏசி போட்டால் அதிகமாக நிற்கிறது என்றால், இன்ஜினுக்குக் காற்றை விடும் த்ராட்டில் பாடி கரி படிந்திருப்பதும், காலை எடுத்தபின் இன்ஜினை ஓடவைக்கும் ஐடில் கண்ட்ரோல் வால்வும்தான் முதல் சந்தேகம். க்ளீனர் ஸ்ப்ரே ஒன்று, ஒரு மணி நேர வேலை. கூடவே வேக்குவம் ஓஸ் எங்காவது வெடித்திருக்கிறதா என்று பார்த்து, பேட்டரி டெர்மினலைச் சுரண்டி, பாடிக்கும் இன்ஜினுக்கும் போகும் எர்த் வயரைக் கழற்றித் துடைத்து முடுக்கினால், பல வண்டிகள் அத்தோடு சரியாகிவிடும். பெட்ரோல் ஃபில்டர், ஏர் ஃபில்டர், பிளக் மூன்றும் மாற்றும் காலம் தாண்டியிருந்தால் அவற்றையும் மாற்றிவிடலாம். பழுது தீராவிட்டாலும் வீண்செலவு ஆகாது.

ஸ்கேனர் சொல்வதும் சொல்லாததும்

“கம்ப்யூட்டர் போட்டுப் பாத்தா தெரிஞ்சிடும்” என்பது பாதி உண்மை. எந்த வருட வண்டி என்பதைப் பொறுத்தது அது. இந்தியாவில் ஓபிடி விதிகள் (வண்டியே தன் பழுதைக் கண்டுபிடித்துப் பதிவுசெய்ய வேண்டும் என்பவை) பாரத் ஸ்டேஜ் 4 புகைக் கட்டுப்பாட்டு விதிகளுடன் 2010 ஏப்ரலில்தான் வந்தன. இரண்டாம் கட்டமான ஓபிடி 2 கட்டாயமானது 2013 ஏப்ரலில். அதற்கு முந்தைய எம்பிஎஃப்ஐ கார்களில் (கார்பரேட்டருக்குப் பதில் கம்ப்யூட்டர் சொல்படி பெட்ரோலைப் பீய்ச்சுபவை) ஸ்டியரிங்குக்குக் கீழே 16 பின் சாக்கெட் இருந்தாலும், கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் புளூடூத் அடாப்டரோடு அது பேசும் என்று நம்ப முடியாது. பல பழைய மாருதி வண்டிகள் சுசுகியின் தனி மொழியில்தான் பேசும். அதற்கான ஸ்கேனர் வேண்டும். அவற்றில் வேறொரு வசதி உண்டு. டயக்னசிஸ் டெர்மினலை எர்த்தில் இணைத்தால் செக் இன்ஜின் விளக்கு விட்டு விட்டு எரிந்து கோடு (பழுதுக் குறியீடு) எண்ணைக் காட்டும். ஒரு மின்னல், இடைவெளி, இரண்டு மின்னல் என்று வந்தால் 12: கம்ப்யூட்டருக்குத் தெரிந்து குறை எதுவும் இல்லை என்று பொருள்.

ஆனால் 12 வந்ததாலேயே வண்டி நன்றாக இருக்கிறது என்று ஆகிவிடாது. பெட்ரோல் பம்ப் தளர்ந்து பிரஷர் குறைந்தால், அதை அளக்கும் சென்சாரே அந்தக் கால வண்டிகளில் கிடையாது. கோடு எங்கிருந்து வரும்? இக்னிஷன் சுவிட்சில் கான்டாக்ட் விட்டுப்போனால் கம்ப்யூட்டருக்கும் சேர்த்தே கரண்ட் போய்விடும்; பழுதைப் பதிவுசெய்ய அதற்கு உயிர் இருக்காது. வண்டி நன்றாக ஓடும் நேரத்தில் ஒர்க் ஷாப்பில் ஸ்கேன் போடுவது, காய்ச்சல் விட்ட பிறகு தெர்மாமீட்டர் வைப்பது போலத்தான்.

உங்கள் வண்டி 2013க்குப் பிந்தையது என்றால் ஸ்கேனரைத்தான் முதலில் சொல்வேன். கோடு படிக்க மட்டுமல்ல, ஓடும்போது லைவ் டேட்டாவைப் போனில் பதிவுசெய்துகொள்ளலாம் என்பதற்காக. வண்டி நின்ற நொடியில் ஆர்பிஎம் எப்படி விழுந்தது, பேட்டரி வோல்டேஜ் எவ்வளவு என்பது பதிவில் இருந்தால், எந்த மெக்கானிக்கும் உங்கள் பேச்சைக் கவனித்துக் கேட்பார்.

கம்பெனி சர்வீஸ் சென்டரின் பலம், அந்த மாடலின் வயரிங் டயகிராமும் சரியான பிரஷர் கேஜும் சொந்த ஸ்கேனரும் அவர்களிடம் இருப்பது. பலவீனம், நேரம். ஜாப் கார்டு போட்டு மாலைக்குள் வண்டியை வெளியே அனுப்ப வேண்டிய இடத்தில், எப்போது வரும் என்று தெரியாத பழுதுக்காகக் காத்திருக்க ஆள் ஒதுக்க மாட்டார்கள். பழுது எந்தப் பக்கம் என்று தெரிந்து, அந்தப் பார்ட்ஸின் ஒரிஜினல் வேண்டும் என்ற கட்டத்தில் அங்கே போவது நல்லது.

மெக்கானிக்கா, எலக்ட்ரீஷியனா?

நம் ஊரில் இந்த இரண்டு தொழிலும் தனித்தனி. மெக்கானிக் வயரைத் தொட மாட்டார், எலக்ட்ரீஷியன் பெட்ரோல் லைனைத் தொட மாட்டார். ஓடும்போது ஆஃப் ஆகும் பழுது இருவருக்கும் நடுவில் விழுகிறது. மெக்கானிக்கிடம் போனால் பம்ப் என்பார், எலக்ட்ரீஷியனிடம் போனால் காயில் என்பார். யாரும் ஏமாற்றவில்லை; அவரவர் கைக்குத் தெரிந்த இடத்தில் அவரவர் தேடுகிறார்கள். இருவரில் யாரிடம் முதலில் போவது என்பதற்கு உங்கள் கையில் ஒரு சாட்சியம் வேண்டும். அதைச் சேகரிக்கும் வேலை உங்களுடையதுதான், ஏனென்றால் வண்டி நிற்கும்போது உள்ளே உட்கார்ந்திருப்பது நீங்கள்.

நாமே பிடிப்பது

நான் அதிகம் பரிந்துரைக்கும் வழி இது. அதற்குமுன் ஒரு நிபந்தனை. ஹைவேயில் வேகத்தில் போகும்போதும், மேம்பாலத்திலும், லாரிகளுக்கு நடுவிலும் நிற்கிற வண்டி என்றால் இந்த வழியே வேண்டாம். ரெக்கவரி வண்டியில் ஏற்றி ஒர்க் ஷாப்புக்கு அனுப்புங்கள். இன்ஜின் நின்றால் பவர் ஸ்டியரிங் கனத்துவிடும். பிரேக் பூஸ்டரில் மிச்சமிருக்கும் வேக்குவம் இரண்டு மூன்று மிதிக்குத்தான் வரும், அப்புறம் பிரேக் பெடல் கல்லாகிவிடும். அந்தச் சமயத்தில் பிரேக்கை விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே அழுத்தாக அழுத்தி, ஹசார்ட் போட்டு ஓரங்கட்ட வேண்டும். வண்டி உருளும்போது சாவியை லாக் வரைக்கும் திருப்பிவிடக் கூடாது, ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும்.

ஊருக்குள் மெதுவாகப் போகும்போது நிற்கிற வண்டி என்றால் கவனிக்க வேண்டியது டேஷ்போர்டைத்தான். கியரில் போய்க்கொண்டிருக்கும்போது இன்ஜின் ஆஃப் ஆனாலும் கிளட்ச்சை மிதிக்காதவரை சக்கரம் இன்ஜினைச் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். பாதுகாப்பான இடமாக இருந்தால் அந்த ஓரிரு நொடியில் ஆர்பிஎம் முள்ளைப் பாருங்கள். மேனுவல் கியர் வண்டியில் மட்டும் நடக்கும் சோதனை இது.

டேஷ்போர்டே மொத்தமாகச் செத்துவிட்டது, எல்லா முள்ளும் விழுந்துவிட்டது என்றால் இக்னிஷன் சுவிட்ச், பேட்டரி டெர்மினல், மெயின் ஃபியூஸ் மூன்றில் ஒன்று. விளக்குகள் உயிரோடு இருக்கின்றன, வண்டியும் உருள்கிறது, ஆனால் ஆர்பிஎம் முள் மட்டும் சட்டென்று பூஜ்யத்துக்கு விழுந்தது என்றால் பெரும்பாலும் கிராங்க் சென்சார் அல்லது இக்னிஷன் சர்க்யூட். முன்கூட்டியே இழுவை குறைந்து, ஜெர்க் அடித்து, முள்ளும் வண்டியின் வேகத்தோடு சேர்ந்து மெல்ல இறங்கியது என்றால் பெட்ரோல் பக்கம். ஸ்பார்க் போனால் விளக்கை அணைத்த மாதிரி சட்டென்று போகும். பெட்ரோல் போனால் தடுமாறித்தான் போகும். எல்லா வண்டிக்கும் நூற்றுக்கு நூறு பொருந்தும் என்று சொல்ல மாட்டேன், ஆனால் தேடும் பக்கத்தைப் பாதியாகக் குறைத்துவிடும்.

ஆர்பிஎம் மீட்டர் இல்லாத சின்ன கார்களுக்கு டெஸ்ட் லேம்ப் இருக்கிறது. 12 வோல்ட் சின்ன பல்பு ஒன்றில் நீளமான இரண்டு வயர்களைப் பற்றவைத்து, ஒன்றை பெட்ரோல் பம்ப் ரிலேயிலிருந்து பம்புக்குப் போகும் வயரிலும் இன்னொன்றை எர்த்திலும் கொடுத்து, பல்பை டேஷ்போர்டு மேல் டேப் போட்டு ஒட்டிவிடுவார்கள். எலக்ட்ரீஷியன் இதை அரை மணி நேரத்தில் செய்து தருவார். நடுவில் ஒரு சின்ன ஃபியூஸ் கட்டாயம் வேண்டும், டேங்க் பக்கம் கையே வைக்கக் கூடாது, ரிலே பக்கமே எடுக்க வேண்டும். இனி வண்டி தடுமாறும்போது பல்பைப் பாருங்கள். எரிந்துகொண்டே இருக்க வண்டி நின்றால், பம்புக்குக் கரண்ட் போகிறது. பம்ப், அதன் எர்த், ஃபில்டர், அல்லது வேறு எங்கோ பழுது. பல்பு முதலில் அணைந்து வண்டி பிறகு நின்றால், ரிலேயும் அதற்கு வரும் வயரும். இதில் ஒரு கண்ணி உண்டு: கிராங்க் சென்சார் சிக்னல் நின்றாலும் கம்ப்யூட்டர் பம்பை அணைத்துவிடும். அதனால் பல்பு அணைந்ததா என்பதைவிட, தடுமாற்றத்துக்கு முன்னால் அணைந்ததா, பின்னால் அணைந்ததா என்பதுதான் முக்கியம்.

கூடவே வண்டியிலேயே ஒரு சிறு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருமுறை நின்றபோதும் இன்ஜின் சூடாக இருந்ததா, டேங்கில் எவ்வளவு பெட்ரோல், ஏசி ஓடியதா, ஸ்பீடு பிரேக்கரில் ஏறி இறங்கிய பிறகா, மழையிலா, எத்தனை நிமிடத்தில் திரும்ப ஸ்டார்ட் ஆனது என்று எழுதுங்கள். நாலைந்து முறை எழுதினாலே ஒரு ஒழுங்கு தெரியும்.

ரிசர்வில் ஓட்டும்போது மட்டும் நிற்கிறதா? டேங்குக்குள் இருக்கும் பம்பைக் குளிர்விப்பதே அதைச் சுற்றியுள்ள பெட்ரோல்தான்; தேய்ந்த பம்ப் அங்கேதான் முதலில் தன் தளர்ச்சியைக் காட்டும். நீண்ட தூரம் ஓடிய பிறகு இழுவை குறைந்து நிற்கிறதா? உடனே டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். காற்றை உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டு, அதன்பின் வண்டி கிளம்பினால், டேங்கின் காற்றுவழி அடைத்திருக்கிறது. பம்பை மாற்றியே தீர வேண்டும் என்று யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள். பெட்ரோலில் எத்தனால் 20 சதவீதமாகிவிட்ட இந்தக் காலத்தில் பழைய ரப்பர் ஓஸ்களையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்காகச் செய்யப்படாத ரப்பரை எத்தனால் காலப்போக்கில் கெடுக்கும். டேங்கின் அடியில் தண்ணீர் தேங்கியிருந்தாலும் தொல்லைதான்.

வெயிலும் சூடும் நோட்டில் அடிக்கடி வருகிறது என்றால் எனக்கு முதலில் தோன்றுவது கிராங்க் சென்சார், இரண்டாவது ரிலே. பல பழைய கிராங்க் சென்சார்கள் உள்ளே மெல்லிய செம்புக் கம்பி சுற்றிய காயில்தான். வருடக்கணக்கில் இன்ஜின் சூட்டில் வெந்த பிறகு, சூடு ஏறும்போது அந்தக் கம்பி எங்கோ விட்டுப்போகும், ஆறினால் மறுபடி ஒட்டிக்கொள்ளும். ஆறின நிலையில் மல்டிமீட்டர் வைத்தால் ரீடிங் சரியாகவே காட்டும். வண்டி நின்றுபோன அந்த ஐந்து பத்து நிமிடத்துக்குள், சூடாக இருக்கும்போதே வைத்துப் பார்த்தால்தான் ஓப்பன் (கம்பி விட்டுப்போயிருக்கிறது) என்று காட்டும். ஒர்க் ஷாப்பில் பல நாள் நின்றும் அகப்படாத பழுது ரோட்டோரத்தில் அகப்படுவது இதனால்தான்.

ரிலேக்குப் பேர்போன உதாரணம் 1990களின் ஹோண்டா கார்கள். மெயின் ரிலேக்குள் இருக்கும் சால்டரிங்கில் மயிரிழை விரிசல் விழும். வெயிலில் நிறுத்திவிட்டு வந்தால் பம்ப் ஓடாது, கதவைத் திறந்து உள்ளே ஆறவிட்டால் ஓடும். சாவியை ஆன் செய்ததும் பின்சீட்டுக்குக் கீழே பம்ப் இரண்டு நொடி முனகும் சத்தம் கேட்கிறதா என்பதுதான் சோதனை. ரிலேயைக் கழற்றி மறுபடி சால்டர் வைத்தால் பல சமயம் செலவு அதோடு முடிந்தது.

இக்னிஷன் சுவிட்சை யாரும் சந்தேகிப்பதே இல்லை. 2014இல் ஜெனரல் மோட்டார்ஸ் ஷெவர்லே கோபால்ட் போன்ற சுமார் 26 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது ஒரு சுவிட்சுக்காகத்தான். அதன் உள் ஸ்பிரிங் பிடிப்பு போதாமல், குலுங்கும்போதோ சாவிக்கொத்தின் கனத்தாலோ சாவி தானாகத் திரும்பி, ஓடும் வண்டி ஆஃப் ஆனது. ஏர்பேகும் வேலை செய்யவில்லை. அந்த நிறுவனம் அமைத்த இழப்பீட்டு நிதியே 124 உயிரிழப்புகளை ஏற்றுக்கொண்டது. உங்கள் நோட்டில் ஸ்பீடு பிரேக்கரும் பள்ளமும் அடிக்கடி வந்தால், வீட்டுச் சாவி, பீரோ சாவியெல்லாம் கழற்றிவிட்டு ஒற்றைச் சாவியில் கொஞ்ச நாள் ஓட்டிப் பாருங்கள். பிறகு வண்டியை நிறுத்தி வைத்து ஐடிலிங்கில் விட்டு, சாவியை லேசாக ஆட்டிப் பாருங்கள். இன்ஜின் நின்றாலோ டேஷ்போர்டு விளக்கு மினுக்கினாலோ போதும், வேறெங்கும் தேட வேண்டாம்.

அப்படியானால் எங்கே போவது?

கார்பரேட்டர் வண்டி என்றால் யோசிக்கவே வேண்டாம், அந்தக் கால மெக்கானிக்தான். பழைய மாருதி 800, பத்மினி, அம்பாசடர் கையாண்டவர் காதால் கேட்டே பாதியைச் சொல்லிவிடுவார். கோடையில் நெரிசலில் நின்றால் வேப்பர் லாக் (சூட்டில் பெட்ரோல் லைனிலேயே ஆவியாகி வழியை அடைப்பது). அம்பாசடர் டிரைவர்கள் பெட்ரோல் பம்ப் மேல் ஈரத்துணி போட்டுக்கொண்டு ஓட்டியதை வயதானவர்கள் பார்த்திருப்பார்கள். ஸ்பார்க் பக்கத்தில் கன்டென்சர், சிபி பாயின்ட் என்று அவர் சந்தேகப்படுபவை எல்லாம் சில நூறு ரூபாய்ச் சாமான்கள். இங்கே மாற்றிப் பார்ப்பதுகூடத் தப்பில்லை.

கார்பரேட்டர் போய் எம்பிஎஃப்ஐ வந்ததிலிருந்து 2010 வரையிலான கார்கள்தான் உண்மையிலேயே சிக்கலானவை. கம்ப்யூட்டர் உண்டு, ஆனால் வாய் திறந்து பேசாது. இவற்றுக்கு நான் சொல்லும் வரிசை: நோட்டும் டேஷ்போர்டும் முதலில், அதன்பின் மல்டிமீட்டரை நம்பும் எலக்ட்ரீஷியன். சாட்சியம் பெட்ரோல் பக்கம் காட்டினால் மட்டும் மெக்கானிக். அவரிடமும் பிரஷர் கேஜ் இருக்கிறதா என்று கேட்டுவிட்டே வண்டியைக் கொடுங்கள். இந்த வகைச் சின்ன கார்கள் பலவற்றில் பிரஷர் 2.5 முதல் 3 பார் வரை நிற்க வேண்டும். நிறுத்தி வைத்துப் பார்த்தால் போதாது. கேஜை வைப்பருக்குக் கீழே கண்ணாடியில் தெரியும்படி ஒட்டிக்கொண்டு ரோட்டில் ஓட்டிப் பார்ப்பவர் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

விற்றுவிடலாம் என்பதும் ஒரு வழிதான், பலர் அதையே யோசிக்கிறார்கள். பாடியில் துரு ஏறி, இன்ஜினில் ஆயில் புகைந்து, அதோடு இதுவும் சேர்ந்திருந்தால் நானும் மறுக்க மாட்டேன். ஆனால் மற்றபடி நல்ல வண்டி, இந்த ஒரு பழுதுக்காக மட்டும் விற்பது என்றால் பாதி விலைதான் கிடைக்கும். சொல்லாமல் விற்றால், அடுத்து வாங்கும் குடும்பம் மேம்பாலத்தில் நிற்கும். அதை எந்த விலைக்கும் செய்யக் கூடாது. கண்டுபிடித்துச் சரிசெய்த பிறகு விற்பதா வைப்பதா என்று யோசிக்கலாம்.

ஒர்க் ஷாப்பில் வண்டியை விடும்போது பேச்சை இப்படி வைத்துக்கொள்ளுங்கள். பழுதைக் கண்டுபிடிக்கும் வேலைக்குத் தனியாகக் கூலி தருகிறேன், பார்ட்ஸ் மாற்றும்முன் போன் செய்யுங்கள், கழற்றியதைத் திருப்பிக் கொடுங்கள். தேடுவதற்குக் கூலி கிடைக்காது என்பதால்தான் பல நல்ல மெக்கானிக்குகள் பார்ட்ஸ் மாற்றுவதில் இறங்குகிறார்கள். அந்தக் கூலியைத் தருவதாகச் சொன்னால் அவர்கள் வேலை செய்யும் விதமே மாறுவதைப் பார்க்கலாம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். மாற்றிய பிறகு, முன்பு எந்தச் சூட்டில், எந்த ரோட்டில், டேங்கில் எந்த அளவில் நின்றதோ அதே நிலையில், நெரிசல் இல்லாத நேரமாகப் பார்த்து ஓட்டுங்கள். வழக்கமாகப் பத்து நாளைக்கு ஒருமுறை நின்ற வண்டி என்றால் ஒரு மாதம் நிற்காமல் ஓடட்டும். அதுவரை டெஸ்ட் லேம்பைக் கழற்ற வேண்டாம்.